பொருளை அளந்தறிதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய அறிவியல் உரை)

 

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவிலே அறிவியலுக்கும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டுமென்று சங்கத்தார் கருதியது பாராட்டுக்குரியது. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு 'பொருளை அளந்தறிதல்' என்பது. கல்லும் பொன்னும் நீரும் காற்றும் ஆகிய பொருள்களுக்குரிய அடிப்படைப் பண்புகள் யாவை, அவற்றை எங்ஙனம் அளக்கிறோம், அளந்து கண்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு எளிய முறையில் விடை கூற முயல்வேன்.

அளத்தல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் அளவுப் பெயர்களையும் நிறைப் பெயர்களையும் தனித்தனியே சுட்டிப் புணர்ச்சி விதி கூறுகின்றது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைகளை நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தனர். இவற்றோடு, தட்டி ஓசை கேட்டு அறியும் தெறித்தல் அளவையையும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பு நோக்கும் சார்த்தல் அளவையையும் உரையாசிரியர்கள் சேர்த்துக் கூறுவர். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கும் தாய்மார் இன்றும் செய்வது தெறித்தல் அளவையே.

ஆயின், அளக்கும் வழக்கம் இருந்தால் மட்டும் போதாது. அளவு அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அஃதில்லாத காலத்தில் தென்னாட்டிலிருந்து டில்லிக்குக் குடியேறியவர்கள் பட்ட இடர்ப்பாட்டைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சென்னை வழக்கில் 3 தோலா ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. ஆகவே சென்னைச் சேர் 24 தோலா, அதாவது இன்றைய கணக்கில் சுமார் 280 கிராம். வடநாட்டுச் சேரோ 80 தோலா. சுமார் 933 கிராம். சென்னை மணங்கு ஏறத்தாழ 11.2 கிலோகிராம், வடநாட்டு மணங்கு 37.3 கிலோகிராம். பெயர் ஒன்று; பொருள் மும்மடங்குக்கும் மேல்! ஊரில் அரிசியைப் படியால் முகந்து பழகியவர், இங்கே கடைக்காரன் தராசில் நிறுத்துக் கொடுப்பதைக் கண்டு, தம் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டுமென்று சொல்ல இயலாமல் திகைத்திருப்பார்.

1956-இல் இயற்றப்பட்ட எடை அளவுத் தரச் சட்டம் இக்குழப்பத்திற்கு முடிவு கட்டியது. 1957 ஏப்ரல் முதல் நாள் அணாக் கணக்கை நீக்கிப் பதின்ம நாணயம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராமும் மீட்டரும் படிப்படியாகக் கடைவீதிக்கு வந்தன. கன்னியாகுமரியில் ஒரு கிலோகிராம் எதுவோ அதுவே காஷ்மீரத்திலும் ஒரு கிலோகிராம் என்னும் நிலை ஏற்பட்டது.

இனிப் பண்புகளுக்கு வருவோம். ஒரு பொருளிடத்தே முதலில் அறியத்தக்கவை இரண்டு. அஃது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது கன அளவு. அதனுள் எவ்வளவு பொருள் அடங்கியுள்ளது என்பது நிறை. நிறை வேறு, எடை வேறு. புவி ஒரு பொருளை இழுக்கும் விசையே எடை. அவ்விழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவினதன்று. நிலநடுக்கோட்டில் குறைவு, துருவங்களில் மிகுதி. இரண்டிற்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்கு.

இவ்வேறுபாடு நம்மையும் தொடுவதாகும். சென்னையைவிட டில்லி வடக்கே இருப்பதால் இங்கே புவியின் இழுப்பு சற்றே மிகுதி. சென்னையில் செவ்வையாகத் திருத்தி வைத்த ஒரு வில் தராசையோ மின்னணுத் தராசையோ அப்படியே டில்லிக்குக் கொணர்ந்து ஒரு கிலோகிராம் சர்க்கரையை வைத்தால், ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான அளவு கூடுதலாகக் காட்டும். சர்க்கரை கூடிவிடவில்லை, இழுப்பே கூடியது. இரு தட்டுத் தராசில் இவ்வேறுபாடு தோன்றாது. சர்க்கரைக்குக் கூடிய இழுப்பு எடைக்கல்லுக்கும் அதே விகிதத்தில் கூடுமாதலால், முள் நடுவிலேயே நிற்கும். இதனாற்றான் நுட்பமான மின்னணுத் தராசுகளை, அவை பயன்படும் ஊரிலேயே தர எடைக்கல் கொண்டு சரிபார்க்கிறார்கள். ஊர் மாறினால் எடை மாறும், நிறை மாறாது. வேற்றூரில் வாழும் நமக்கு இது நினைவில் வைக்கத்தக்க செய்தியே.

நிறையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 1 கிராம். அதே இடத்தை அடைக்கும் அலுமினியம் 2.7 கிராம், இரும்பு 7.9 கிராம், வெள்ளி 10.5 கிராம், பாதரசம் 13.6 கிராம், தூய பொன் 19.3 கிராம். நிறையும் கன அளவும் பொருளின் சிறுமை பெருமையைப் பொறுத்தவை. அடர்த்தியோ, குன்றிமணிப் பொன்னுக்கும் கோயில் கலசத்துப் பொன்னுக்கும் ஒன்றே. ஆதலின் ஒரு பொருள் இன்னதென்று அடையாளம் காண அது பெருந்துணை.

ஆர்க்கிமிடீசின் கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மன்னனின் முடியில் வெள்ளி கலந்துள்ளதா என்பதை, அது வழியச் செய்யும் நீரின் அளவால் அவர் கண்டார் என்பர். கதை இனிமையானது, ஆனால் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 கிலோகிராம் தூய பொன் முடி சுமார் 52 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். அதில் நூற்றுக்கு முப்பது பங்கு வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65 கன சென்டிமீட்டர். வேறுபாடு 13. முடி மூழ்கத்தக்க, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பாத்திரத்தில் இவ்வேறுபாடு நீர் மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. நீரின் விளிம்பு வளைந்து நிற்பதே அதைவிட மிகுதி. வெறுங்கண்ணால் இதை எங்ஙனம் அளப்பது?

இவ்வையம் கலிலியோவுக்கும் எழுந்தது. 1586-இல், தம் 22-ஆம் வயதில், அவர் ஒரு சிறு நூலில் வேறு வழி கூறினார்: முடியை நீருள் மூழ்கவிட்டபடியே தராசில் நிறுத்துப் பாருங்கள் என்றார். நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு தன் எடையில் குறைந்து தோன்றும். அப்போது அதே வேறுபாடு 13 கிராமாகத் தராசிலே வெளிப்படும். நீர் மட்டத்தில் கண்ணுக்குத் தப்பியது, தராசில் எவர்க்கும் புலனாகிறது. பண்பு ஒன்றே, கருவியைத் தேர்ந்தெடுத்த அறிவே வேறு.

இம்முறையை இல்லத்திலேயே செய்து பார்க்கலாம். கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின்னணுத் தராசின்மீது, ஒரு குவளையில் நீர் ஊற்றி வையுங்கள். தராசைப் பூஜ்யத்திற்குக் கொணருங்கள். 20 கிராம் நிறையுள்ள ஒரு வளையலை நூலிற் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீரில் முழுவதும் அமிழ்த்திக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தராசு காட்டும் கிராம் எண்ணே வளையலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 22 காரட் பொன்னாயின் சுமார் 1.1 காட்டும். பித்தளைமேல் பொன் முலாம் பூசியதாயின் 2.3-க்கு மேல் காட்டும். ஏமாற்று ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடமை. இச்சோதனையால் 22 காரட்டையும் 24 காரட்டையும் பிரித்தறிய இயலாது. தூய பொன்னாயின் தராசு 1.0 காட்டும், 22 காரட்டாயின் 1.1. இவ்விடைவெளி தராசின் நுட்ப எல்லையிலேயே நிற்கிறது. 'கருவி காட்டாத நுட்பத்தைக் கணக்கில் காட்டாதே' என்பது அளவியலின் முதல் ஒழுக்கம். கல் பதித்த நகைக்கும் உள்ளே கூடாக உள்ள நகைக்கும் இம்முறை பொருந்தாது. மேலும் டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தியும் 19.3 தான். அதை உள்ளே வைத்து மேலே பொன் பொதிந்தால் அடர்த்திச் சோதனை ஏமாந்து போகும். அப்போது வேறொரு பண்பை நாட வேண்டும். மின்னோட்டத்திற்குப் பொன் காட்டும் தடையைவிட டங்ஸ்டன் காட்டும் தடை இரு மடங்குக்கும் மேல். தட்டினால் எழும் ஓசையும் வேறு. நம் முன்னோரின் தெறித்தல் அளவை இங்கே மீண்டும் தலை நீட்டுகிறது! ஒரே சான்றைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பது நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய விதியன்று.

அடர்த்தியைப் பொறுமையோடு அளந்ததால் ஒரு புதிய தனிமமே வெளிப்பட்ட வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் ராலே பிரபு நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிற வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன், அவருடைய கண்ணாடிக் கோளத்தை நிரப்பியபோது சுமார் 2.310 கிராம் இருந்தது. இரசாயனச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ அதே கோளத்தில் சுமார் 2.299 கிராம். வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்கு. 'ஏதோ கைப்பிசகு' என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. மீண்டும் மீண்டும் அளந்தார், வேறுபாடு மறையவேயில்லை. 1894-இல் அவரும் ராம்சேயும், காற்றிலே அதுகாறும் எவரும் அறியாத ஆர்கான் என்னும் வாயு கலந்திருப்பதே காரணமென்று நிறுவினர். நாம் உட்கொள்ளும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அஃது. 1904-இல் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ராலேக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

பண்புகளுட் பல சூழ்நிலைக்கேற்ப மாறுவன என்பதையும் மறத்தலாகாது. கோடை விடுமுறைக்குச் சிம்லா சென்ற குடும்பத்தினர், அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவதைக் கண்டிருப்பீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் நீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ எரித்தாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்குமேல் சூடேறாது. 'நீர் 100 பாகையில் கொதிக்கும்' என்று பாடம் ஒப்பிக்கும் சிறுவன், 'கடல் மட்டக் காற்றழுத்தத்தில்' என்னும் சொற்களையும் சேர்த்து ஒப்பித்தல் வேண்டும்.

வெப்பத்தால் நீளம் பெருகுவதை அளவியலார் எவ்வளவு கருத்தோடு நோக்குகின்றனர் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1802 ஏப்ரல் திங்களில் பரங்கிமலையை அடுத்து வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. எஃகு ஒரு பாகை வெப்பத்திற்கு இலட்சத்தில் 1.2 பங்கு நீளும். காலைக்கும் நண்பகலுக்கும் வெப்பம் 20 பாகை மாறினால் அச்சங்கிலி 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அற்பமென்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதே சங்கிலியை 400 முறை வைத்து அளக்கும்போது பிழை ஏறத்தாழ 3 மீட்டராகும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் நிழலில் கிடத்தி, வெப்பமானிகளை அருகில் வைத்து, வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் செய்துகொண்டே அவர் அளந்தார். அவ்வடிக்கோட்டின்மேல் எழுந்த முக்கோணங்களே பிற்காலத்தில் இமயம் வரை சென்றன.

அன்பர்களே, பொருளின் பண்புகளை அளப்பதில் உலகப் புகழ் பெற்ற ஒரு தமிழரை இத்தலைநகரில் நாம் நினைவு கூராமல் இருக்கலாகாது. 1898-இல் வத்திராயிருப்பிற் பிறந்த சர் கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள், 1928-இல் இராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் சர் சி. வி. இராமனுக்குத் துணை நின்றவர். பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் காந்தத்திற்கு ஆட்படுவதில்லை. ஒரு திசையில் மிகுதி, மற்றொரு திசையில் குறைவு. இந்நுண்ணிய வேறுபாட்டை அளக்க அவர் கண்ட வழி மிக எளியது. மெல்லிய படிக நூலிழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கினார். காந்தம் படிகத்தைப் பிடித்து நிறுத்த, முறுக்கு அதைத் திருப்ப முயல, ஒரு கட்டத்தில் படிகம் திடீரெனப் புரண்டுவிடும். அக்கணத்தில் முறுக்கிய கோணம் எவ்வளவோ, அதிலிருந்து காந்தப் பண்பின் திசை வேறுபாடு கணக்கிற்கு வந்துவிடும். இழையும் காந்தமும் கூரிய அறிவும் கொண்டு, பெருஞ்செலவுக் கருவிகளுக்கு நிகரான பணி நடைபெற்றது. 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

1947-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1950 ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் பட்டேல் அவர்களால் திறந்து வைக்கப்பெற்ற புது டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் அவரே. 1961-இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். நாட்டின் அளவைத் தரங்களுக்குத் தாயகம் அவ்வாய்வுக்கூடம். இந்தியாவின் கிலோகிராம், 57 என்னும் எண்ணிட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளையாக அங்கேதான் காக்கப்பட்டு வருகிறது.

அவ்வுருளையின் மூலம் பாரிசுக்கு அருகில் செவ்ர் என்னும் ஊரில் உள்ளது. 39 மில்லிமீட்டர் உயரமும் அதே விட்டமும் உடைய அச்சிறு உருளைதான் 1889 முதல் உலகத்திற்கே கிலோகிராமாக இருந்து வந்தது. ஆனால் நூறாண்டு கடந்து அதையும் அதன் படிகளையும் ஒப்பிட்டபோது, அவற்றிடையே மைக்ரோகிராம் கணக்கில் ஐம்பது அளவுக்கு வேறுபாடு வந்திருக்கக் கண்டனர். ஒரு சிறு உப்புத் துகளின் நிறையே அது. மூல உருளை இளைத்ததா, படிகள் பருத்தனவா? சொல்லவே இயலாது! மூல உருளை எதுவோ அதுவே கிலோகிராம் என்று வரையறுத்துவிட்டபின், அது பிழையென்று கூற வேறு அளவுகோல் ஏது?

இந்நிலையை மாற்ற 2018 நவம்பர் 16-ஆம் நாள் உலக நாடுகள் கூடித் தீர்மானித்தன. 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகத் துண்டையும் சார்ந்ததன்று; இயற்கையின் மாறிலியாகிய பிளாங்க் மாறிலியின் நிலைத்த மதிப்பைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. கிபிள் தராசு என்னும் நுண்கருவியில் ஒரு பக்கம் பொருளின் எடையும், மறுபக்கம் மின்னோட்டத்தால் எழும் விசையும் சமன் செய்யப்படுகின்றன. அவ்விடத்துப் புவி இழுப்பையும் நுட்பமாக அளந்து, எடையிலிருந்து நிறையைப் பெறுகிறார்கள். மீட்டர் 1983-லேயே ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்டுவிட்டது. கடைவீதிக் கிலோகிராமில் இதனால் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் எந்த ஒரு நாட்டின் பெட்டகத்திலும் அடைபடாமல், ஆற்றலுள்ள எவரும் எங்கும் உண்டாக்கிக்கொள்ளத்தக்க பொதுச் சொத்தாக அளவு ஆகிவிட்டது. 'எல்லாக் காலத்திற்கும் எல்லா மக்களுக்கும்' என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அளவியலார் கொண்ட குறிக்கோள் இருநூறு ஆண்டுகளுக்குமேல் கடந்து கைகூடியது.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இங்கு பிறந்து வளரும் நம் குழந்தைகள் அறிவியலைப் பிறமொழியிலும், அன்பைத் தமிழிலும் கற்கின்றனர். அதனால் பாட்டியிடம் சமையல் பேசலாம், படிப்பைப் பேச முடியாது என்னும் நிலை வந்துவிடுகிறது. நிறை, எடை, கன அளவு, அடர்த்தி, வெப்பம், அழுத்தம் ஆகிய சொற்கள் கடினமானவையல்ல. வழங்காததால் அயலாகத் தோன்றுகின்றன. ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் ஒரு தட்டுத் தராசு, முத்திரையிட்ட எடைக்கற்கள், அளவுக் குவளை, வெப்பமானி ஆகிய நான்கையும் வைத்தால் போதும். பெருஞ்செலவு ஆகாது. பாலையும் எண்ணெயையும் நீரையும் குழந்தைகளே நிறுத்து, அடர்த்தியைத் தமிழில் எழுதட்டும். ஒரே பொருளை மூவர் அளந்து மூன்று விடை வந்தால், எவரையும் கடிந்துகொள்ளாமல், ஏன் வேறுபட்டதென்று கேட்கட்டும். ராலே பிரபு கேட்டதும் அதே கேள்விதான்.

அளந்து அறிந்தவனை ஏமாற்றுதல் அரிது. தன் அளவின் எல்லையையும் அறிந்தவன் பிறரை ஏமாற்றவும் மாட்டான். கடையில் வாங்கும் பொன்னுக்கும் பாலுக்கும் இது பொருந்தும். செய்தித்தாளில் படிக்கும் எண்களுக்கும் பொருந்தும். இப்பழக்கத்தை நம் காலனியின் இளந்தலைமுறையினர்க்கு அளிப்பது இச்சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.